மிஹ்லாருக்கு ஒன்றும் நடக்கவில்லை

மோட்டார் சைக்கிளில் போய் விழுந்தவனுக்கு ஆலங்குடாப் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. காலில் மாவுக்கட்டோடு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தால் போதும், பால்மாவும் பிஸ்கற்றும் தோடம்பழமும் வீடு தேடி வரும். வருகிறவர்கள் எப்படி விழுந்தீர்கள் என்று ஆசையாகக் கேட்பார்கள். விழுந்த கதை ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் வளரும். மிஹ்லாருக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. அவன் விழவே இல்லை. உடம்பில் கீறல் இல்லை, பைக்கின் கண்ணாடிகூட உடையவில்லை. அவனுடைய கேடுகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

நடந்தது இவ்வளவுதான். மாம்புரிக் கடற்கரையில் யோசேப்பின் கரைவலை ஏறியதும் வழக்கம்போலக் கும்பளாவும் சூடையும் எடுத்தான். பெட்டிக்குள் ஐஸ் உடைத்துப் போட்டு, மீனை அடுக்கி, டியூப் வாரால் பெட்டியைப் பின்சீற்றோடு இழுத்துக் கட்டிக்கொண்டு கல்பிட்டி ரோட்டில் ஏறினான். அந்த ரோட்டில் கழுதைகள் புதிதல்ல. கேட்பார் பார்ப்பார் இல்லாத கழுதைகள், பனிக்காலத்தில் தார் விடியும்வரை சூட்டை வைத்திருக்கும் என்பதால் ரோட்டின் நடுவிலேயே நின்று தூங்கும். ஒரு வளைவில் அப்படி ஒன்று நின்றது. மிஹ்லார் பிரேக்கை அழுத்தினான். பின்னால் இருந்த பெட்டியின் பாரம் முழுவதும் அவன் முதுகைத் தள்ள, முன்சில்லு கழுதையின் வயிற்றை முட்டுமளவுக்குப் போய் நின்றது. கழுதை அசையவில்லை. தலையைத் திருப்பி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

அவன் இறங்கி, கழுதையைத் தட்டி விரட்டிவிட்டு, திரும்ப ஏறப் போனான். கால் தூக்கவில்லை. கொஞ்சம் இருந்து பார்ப்போம் என்று மதகில் குந்தினான், பச்சைத்தண்ணீர் குடித்தான், தெரிந்த சூறா எல்லாம் ஓதினான். திரும்பவும் ஏறப் போனான், கால் எழும்பவில்லை. கடைசியில் பெட்டி நிறைய மீனோடு பைக்கைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். "பெற்றோல் முடிஞ்சா?" என்று வழியில் கேட்டவனுக்கெல்லாம் "ஓம்" என்றான்.

அவன் மனைவி ரம்ஸியா முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன, மீனோட திரும்பி வந்திரிக்கிறீங்க? பைக்குக்கு என்ன?"

"பைக்குக்கு ஒண்டுமில்ல."

"அப்ப உங்களுக்கென்ன?"

"எனக்கும் ஒண்டுமில்ல. கழுதை நிண்டிச்சு."

"அது எண்டைக்குத்தான் நிக்கல்ல? இடிச்சிட்டீங்களா?"

"இல்ல. நிப்பாட்டிட்டன். பொறகு ஏற ஏலாமப் போச்சு."

ரம்ஸியா துருவலையை விட்டு எழுந்து வந்து அவன் கையையும் காலையும் புரட்டிப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு சிராய்ப்பு இருக்கும் என்று தேடினாள்.

"அல்லாஹ்வே, ஒரு காயமாவது இருந்தா நாலு பேருக்குச் சொல்லலாமே! கழுதையக் கண்டு பயந்திட்டாரு எண்டு நான் யார்ட்டப் போய்ச் சொல்ற?"

அவள் கெட்டவள் அல்ல. வாய்தான் அப்படி. அன்றைக்கு முழுவதும் தனியாக உட்கார்ந்து அத்தனை மீனையும் கீறி உப்புப் போட்டுக் காயவைத்தவளும் அவள்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறவர்கள் மிஹ்லாரின் ரூட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுக்க மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது அவன் உம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னப்பிள்ளை. ஓலைக்கொட்டிலில் வளர்ந்து, தலையெடுத்ததும் மிதி சைக்கிளில் மீன் கட்டிக்கொண்டு மதுரங்குளியைத் தாண்டிக் கனமூலை வரைக்கும் போனான். அங்கே காலாகாலமாகக் குடியிருக்கிற சனங்கள் முதலில் அவனை "அகதி மீன்காரன்" என்றார்கள். பழைய மீனைத் தலையில் கட்டாமல், நிறுவையில் கைவைக்காமல் எத்தனையோ வருடம் போய் வந்த பிறகுதான் "மிஹ்லார் தம்பி" ஆனான். யுத்தம் முடிந்து சொந்தக்காரர்கள் மன்னாருக்குத் திரும்பியபோது இந்த ரூட்டை விட மனமில்லாமல்தான் அவன் போகாமல் நின்றான். ஒரு மீன்காரன் கொஞ்ச நாள் வராவிட்டால் சனம் அடுத்த ஹோர்ண் சத்தத்துக்குக் கேற்றைத் திறக்கும். அவனிடம் இருந்த சொத்து அந்த ஒரு ஹோர்ண் சத்தம்தான்.

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் ஏறிப் பார்த்தான். ஸ்ரார்ட் ஆகும், கியர் விழும், பைக் நகரும். எதிரே ஒரு கோழி வந்தால் போதும், இரண்டு காலும் தானாகக் கீழே இறங்கிவிடும். செருப்புத் தேயத் தேயக் காலை இழுத்துக்கொண்டு அவன் ஒழுங்கையில் போவதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. ரம்ஸியா எவ்வளவு மூடி வைத்தும் கழுதைக் கதை எப்படியோ சந்திக்கு வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்த இளந்தாரிகள் அவன் தலையைக் கண்டதும் கழுதை மாதிரிக் கத்தினார்கள். தொடங்கி வைப்பவன் ஒருவன், பிறகு கடையே சேர்ந்து கத்தும். ஜும்ஆவுக்குப் போகிற வழியில்கூட விடவில்லை. தொழுதுவிட்டு வந்த வயதானவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு, கேட்காத மாதிரிச் சிரித்தார்கள்.

பள்ளிவாசல் லெப்பை வந்து தண்ணீர் ஓதினார். அவனைக் குடிக்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தைப் பைக்கின் மேல் தெளிக்கிறேன் என்று இஞ்சின் எல்லாம் ஊற்றிவிட்டார். அன்றைக்குப் பைக்கும் ஸ்ரார்ட் ஆகவில்லை. "ரெண்டுக்கும் ஒரே ஜின்தான்" என்றார் லெப்பை.

அப்போதுதான் ரம்ஸியாவின் தம்பி ஹஸ்மி வந்தான். கல்யாணம் ஆகாதவன், ஒரு வேலையிலும் தங்காதவன், வாய் மட்டும் இனிப்பு.

"மச்சான், பைக் சும்மா நிண்டு என்னத்துக்கு? நான் ரெண்டு நாளைக்கு ரூட்டுக்குப் போய் வாறன். நீங்க ஆறுதலா இரிங்க."

"கனமூலைக்குப் போவியா?"

"எங்க செல்றீங்களோ அங்க போவன். உங்கட ஆக்கள் வேற, என்ட ஆக்கள் வேறயா?"

மிஹ்லார் தன் கையாலேயே பைக் திறப்பைக் கொடுத்தான். ரெண்டு நாள் ரெண்டு கிழமையாகி, கிழமைகள் மாதத்தைத் தொட்டன. ஹஸ்மி லுஹர் தொழுகைக்குப் பிறகு வெறும் பெட்டியோடு வருவான். வந்ததும் மிஹ்லாரின் கதிரையில் சாய்ந்துகொண்டு, "ராத்தா, சோத்தைப் போடு" என்பான். மிஹ்லார் பெட்டியை இறக்கிச் செதிளும் இரத்தமும் போகத் தேய்த்துக் கழுவுவான். விற்றுவந்த காசை ஹஸ்மி அவன் தலைக்கு மேலாக நீட்டி ரம்ஸியாவிடம் கொடுப்பான். மகள் ஒருநாள், "வாப்பா, மாமாதானா இனி மீனுக்குப் போற?" என்று கேட்டாள். மிஹ்லார் பெட்டியை இன்னொருமுறை தேய்த்தான்.

"மச்சான், நீங்க பெட்டி இல்லாமப் பழகிப் பாருங்க. பாரம் இல்லாட்டி லேசு" என்று ஹஸ்மி ஒரு யோசனை சொன்னான். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு, களப்பு வற்றி உப்புப் பூத்துக் கிடந்த வெட்டைக்குப் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் ஏறினான் மிஹ்லார். பைக் காற்றில் ஆடியது. ஹாண்டிலை வலப்பக்கம் ஒடித்தால் வால் இடப்பக்கம் போயிற்று. இந்தப் பைக்கை வாங்கிய நாளிலிருந்து ஒருநாளும் அவன் பெட்டி இல்லாமல் ஓடியதில்லை, பெருநாள் தொழுகைக்குக்கூட வெறும் பெட்டியோடுதான் போயிருக்கிறான். அவனுக்கு ஓட்டம் என்பதே முதுகுக்குப் பின்னால் ஒரு பாரம் இருப்பதுதான். இது ஹஸ்மிக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் சொல்லியிருந்தால் அல்லாஹ் அவனைப் பார்த்துக்கொள்ளட்டும். மிஹ்லார் அன்றுதான் முதல்முறையாக விழுந்தான், அதுவும் யாரும் பார்க்காத இடத்தில்.

முழங்கை உரசலோடு வந்தவனுக்கு ரம்ஸியா மஞ்சள் அரைத்துப் பூசினாள். அடுத்த நாள் ஹபாயாவை மாட்டிக்கொண்டு வெட்டைக்குக் கூடவே வந்தாள்.

"பெட்டிக்குப் பதிலா நான் ஏறுறன். நானும் ஒரு பெட்டிப் பாரம் வருவன்."

"விழுந்தா?"

"விழுந்தா எனக்காவது பிஸ்கற் வரும். எடுங்க."

அவள் ஏறியதும் பைக் மண்ணில் இருந்தது. அவன் முதுகுக்குப் பழைய பாரம் கிடைத்தது. முதல் கியரில் வெட்டையை ஒரு சுற்றுச் சுற்றினான். கால் இறங்கியது. "காலத் தூக்குங்க! ஆம்புளைதானே, காலத் தூக்குங்க!" என்று முதுகில் குத்தினாள். ஆடுகள் குறுக்கே வந்தன, கால் இறங்கியது, மறுபடி குத்து. வெயில் சாயும்வரை ஏச்சும் குத்துமாக இப்படியே போயிற்று. நாளாக ஆகக் குத்துக் குறைந்தது. ஒரு பின்னேரம் கழுதைக் கூட்டமொன்று வெட்டையில் வந்து நின்றது.

"நேரா விடுங்க."

"ரம்ஸியா, வேணாம்."

"நேரா விடுங்கண்டு செல்றன். அதுக்கும் உசிர் பயம் இரிக்கி."

கண்ணை மூடாமல் விட்டான். ஹோர்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டாம் கியரில் போனான். கழுதைகள் கடைசி நேரத்தில் இரண்டு பக்கமும் சிதறி ஓடின. ரம்ஸியா பின்னால் இருந்து குழந்தைப் பிள்ளை போலக் கத்திச் சிரித்தாள். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் கேட்டதில்லை. அந்த நிமிடம் அவன் மனம் நிறைந்து போயிற்று.

இதற்கு இடையில் ரம்ஸியா கனமூலைக்கு ஃபஸ்னா என்கிற தூரத்துச் சொந்தக்காரியின் கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தாள். போய் வந்த இரவு சரியாகச் சாப்பிடவில்லை, கண் வீங்கியிருந்தது. கேட்டதற்குத் தலையிடி என்றாள். அதற்குப் பிறகு ஊரில் ஒரு மாற்றம் வந்தது. தேத்தண்ணிக் கடையில் கழுதைச் சத்தம் நின்றுபோனது. முன்னால் நின்று கத்தியவனே எழுந்து, "இரிங்க நானா" என்று வாங்கில் இடம் விட்டான். பள்ளிவாசலில் ஒருவர் அவன் தோளைத் தொட்டு, "எல்லாத்துக்கும் அல்லாஹ் இரிக்கான்" என்றார். வெட்டையில் தான் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் சனத்துக்கு மனம் இளகியிருக்கிறது என்று மிஹ்லார் நினைத்தான். தன் முயற்சிக்குக் கிடைத்த மதிப்பு என்று வெள்ளை மனதோடு நம்பினான்.

ஒருநாள் இராச் சோறு தின்னும்போது ஹஸ்மியிடம் சொன்னான்:

"நாளையிலிருந்து நான் போறன். திறப்பத் தா."

ஹஸ்மி பிசைந்த சோற்றை வைத்துவிட்டு ராத்தாவின் முகத்தைப் பார்த்தான்.

"ராத்தா, நீ ஒண்டும் செல்லல்லயா?"

"வாய மூடிக்கிட்டுத் தின்னு" என்றாள் ரம்ஸியா.

விடியமுன் அவன் புறப்படும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். பெட்டியின் வாரை இழுத்துப் பார்த்தாள், ஒருமுறை பார்த்த வாரையே திரும்பவும் பார்த்தாள்.

"இண்டைக்குக் கனமூலைக்குப் போகாதீங்க. பாலாவிச் சந்தியோட வித்துப்போட்டு வாங்க."

"ஏன்? அங்கதானே என்ட ஆக்கள் இரிக்காங்க."

"முதல் நாளே அவ்வளவு தூரம் என்னத்துக்கு? கொஞ்ச நாள் போகட்டுமே. சனம் எல்லாத்தையும் மறந்திரும்."

"என்னத்த மறக்கிற? நான் பயந்ததயா? அதெல்லாம் மறந்து கனகாலம்" என்று சிரித்துவிட்டு ஸ்ரார்ட் பண்ணினான்.

மாம்புரியில் யோசேப்பு அவனைக் கண்டு திகைத்துப் போனார்.

"தம்பி, தனியவா வந்த? ஹஸ்மி வரயில்லயா?"

"நான் வந்திட்டன் அண்ணன். இனி நான்தான்."

யோசேப்பு நல்ல கும்பளாவாகப் பொறுக்கிப் போட்டார். ஒருநாளும் இல்லாத வழக்கமாகத் தானே பெட்டியைத் தூக்கிக் கட்டிவிட்டு, "மெதுவாப் போ. ஏதும் செய்ற மாதிரி இருந்தா ஓரமா நிப்பாட்டிப் போட்டுப் படுத்திரு" என்றார். வயதான மனிதரின் அன்பு என்று மிஹ்லார் எடுத்துக்கொண்டான்.

ரோட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. பெட்டி முதுகில் வந்து அமர்ந்தது. வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வளைவில் இன்றைக்கும் இரண்டு கழுதைகள் நின்றன. அவன் ஹோர்ணை அடித்து, வேகத்தை ஒரு சொட்டும் குறைக்காமல் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனான். பாலாவியைக் கடந்து, உப்பளங்களைக் கடந்து, மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸை முந்தினான். வாய்க்குள் ஒரு பைத்துப் பாட்டை முணுமுணுத்தான். இப்படி ஒரு காலை தனக்கு இனி வராது என்றல்லவா பயந்திருந்தான்.

கனமூலை ஒழுங்கைக்குள் திரும்பி ஹோர்ணை அடித்தான். பளீலா மாமியின் கேற் திறந்தது. ஆனால் கையில் தட்டு இல்லை.

"நீங்களா தம்பி? ஹஸ்மி எங்க?"

"இனி நான்தான் மாமி. கும்பளா பாருங்க, இப்பதான் கடல்ல இருந்து ஏறினது."

"இண்டைக்கு வேணாம் தம்பி. எறச்சி எடுத்திட்டம்."

அடுத்த வீட்டில் மரக்கறி என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் நோன்பு என்றார்கள், உள்ளே இருந்து தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தொட ஓடிவந்த ஒரு பிள்ளையைத் தாய் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஒழுங்கையில் பாதி தூரம் போன பிறகுதான் மிஹ்லாருக்கு ஏதோ உறைத்தது. மூலை வீட்டு மர்ளியா ராத்தா வாசலில் நின்றாள். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவள் என்று பெயரெடுத்த பெண்.

"ராத்தா, நீங்களாவது சொல்லுங்க. என்ட மீனுக்கு என்ன?"

"மீனுக்கு ஒண்டுமில்ல தம்பி. இந்த வருத்தத்தோட நீங்க பைக் ஓடலாமா?"

"என்ன வருத்தம்?"

"ஊருக்கே தெரியும், நீங்க என்னத்துக்கு மறைக்கிறீங்க? வலிப்பு வந்தவங்க ரோட்டுல போனா நாலு பேரையும் சேத்து இடிச்சிருவீங்க."

"எனக்கா? வலிப்பா? யார் சொன்ன? ஹஸ்மியா?"

"சீ, அந்தப் புள்ள வாயே திறக்கல்ல. கேட்டா, 'நசீபு, என்ன செய்ற' எண்டு மட்டும் செல்லும். உங்கட பொஞ்சாதிதான் செல்லிச்சு. ஃபஸ்னாட கலியாணத்துல எல்லாரும் ஒரு சஹன் தட்டுல சுத்தி இருந்து திண்டுக்கிட்டு இரிக்கக்குள்ள, பக்கத்துல இருந்த ஒருத்தி உங்கட கதையச் செல்லிக் கழுதை மாதிரிக் கத்திக் காட்டினா. எல்லாரும் சிரிச்சம், நானும் சிரிச்சன், பொய் செல்லக்கூடா. ரம்ஸியா அப்பிடியே சோத்துல கைய வச்சிக்கிட்டு அழுதிட்டு. 'சிரிக்காதீங்க, அவர் பயந்தவரில்ல, அவருக்கு வலிப்பு. நுரை தள்ளி ரோட்டுல கெடந்தாரு' எண்டுச்சு. எங்களுக்கு வெக்கமாப் போச்சு தம்பி. அண்டைக்கு யாரும் மிச்சச் சோறு திங்கல்ல."

மிஹ்லார் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். தேத்தண்ணிக் கடை வாங்கும், பள்ளிவாசலில் தோளைத் தொட்ட கையும், யோசேப்பு கட்டிவிட்ட வாரும் ஒவ்வொன்றாக அவன் நினைவில் வந்தன.

"வாயில நுரை வாற ஆள்ட கையால மீன் வாங்க எங்களுக்கும் பயம்தானே. புள்ளைகளுக்குத் தொத்திட்டா? கோவிக்காதீங்க. ஹஸ்மிட்டக் குடுத்து அனுப்புங்க, எல்லாரும் எடுப்பம்."

"ராத்தா, எனக்கு வலிப்பு இல்ல."

"சரி தம்பி."

"சரியில்ல! நான் செல்றத கேளுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நான் பயந்தன். கழுதையக் கண்டு பயந்திட்டன்!"

மர்ளியா இரக்கத்தோடு தலையாட்டினாள். கேற்றுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மறைக்க வேண்டும் என்று இத்தனை நாளாகச் செத்துப் பிழைத்த வார்த்தையை மிஹ்லார் நடு ஒழுங்கையில் நின்று கத்தினான்.

"கேட்டுக்கங்க எல்லாரும்! நான் பயந்தாங்கொள்ளி! கோழியக் கண்டும் கால ஊண்டினவன்! கழுதைக்குப் பயந்து பைக்க வீடு மட்டும் தள்ளிக்கிட்டுப் போனவன்! சிரிங்களேன், ஏன் சிரிக்காம நிக்கிறீங்க? கழுதை மாதிரிக் கத்துங்களேன்!"

யாரும் சிரிக்கவில்லை. பளீலா மாமி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். கத்திய கத்தலில் அவன் வாயோரம் எச்சில் கட்டியது, ஆத்திரத்தில் கை வெடவெடவென்று ஆடியது.

"கை ஆடுது! வாயப் பாருங்க, நுரை!" என்று ஒரு பெண் அலறினாள். "வருது, வருது! புள்ளைகள உள்ள எடுங்க! இரும்பக் கொண்டாங்க!"

இரண்டு ஆண்கள் எங்கிருந்தோ ஓடிவந்து அவன் அக்குளுக்குள் கைகொடுத்துப் பிடித்தார்கள். ஒருவர் பைக்கின் திறப்பைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திமிறத் திமிற அழுத்தி ஒரு கதிரையில் இருத்தினார்கள். மர்ளியா உள்ளே ஓடிப்போய்ப் பெரிய அலுமாரியின் இரும்புத் திறப்புக் கோர்வையைக் கொண்டு வந்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். வலிப்பு வந்தவன் கையில் இரும்பு கொடுத்தால் அது விட்டுப்போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

"ஹஸ்மிக்குக் கோல் எடுங்க. பஸ் ஏறி வரச் செல்லுங்க" என்று யாரோ சொன்னார்கள். "மீன் பழுதாகப் போகுது, கெதியா வரச் செல்லுங்க."

மிஹ்லார் திமிறினால் பிடி இறுகியது. கத்தினால் "பாவம், பாவம்" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் களைத்துப் போயிற்று. கை ஆடுவது நின்றது. அவனைச் சுற்றி நின்ற முகங்களில் ஒன்றிலும் கெட்ட எண்ணம் இல்லை.

மர்ளியா குனிந்து அவன் முகத்துக்கு நேரே கேட்டாள்:

"இப்ப எப்பிடித் தம்பி? சுகம் வந்திட்டா?"

இல்லை என்றால் இன்னும் பிடித்து வைத்திருப்பார்கள். ஆம் என்றால் வந்தது வலிப்புத்தான் என்றாகிவிடும். மிஹ்லார் திறப்புக் கோர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"ஓம் ராத்தா" என்றான். "சுகம்."